தொண்ணூற்றேழு சதவீதம்

28 நவம்பர் 2023, செவ்வாய். சேலையூர்

காலையிலேயே மேற்குத் தாம்பரம் ஸ்டூடியோ அண்ணன் போன். "தொண்ணூத்தேழுல நின்னுபோச்சு தம்பி. மறுபடி போட்டா ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது." கார்த்திகை முகூர்த்தம், 40 ஜிபி. கேமரா கார்டில் 4 ஜிபிக்கு ஒரு துண்டாகத்தான் பதிவாகிறது. அண்ணன் அத்தனையையும் ஒரே ஜிப்பாகக் கட்டி என் சர்வரில் ஏற்றுவார். மாம்பலத்தில் இருக்கும் எடிட்டர் பையன் இறக்கிக்கொள்வான். அந்த அப்லோட் பக்கத்தை எழுதிக்கொடுத்தவன் நான்தான்.

லாக் பார்த்தேன். இரவு பத்துக்குத் தொடங்கியது, 20 எம்பிபிஎஸ் வேகத்தில் நாலரை மணி நேர வேலை. இரண்டே காலுக்குக் கரண்ட் ஒருதரம் போய் வந்திருக்கிறது. ரவுட்டர் அணைந்ததும், சர்வரின் வாசலில் நின்று வாங்கும் என்ஜின்எக்ஸ் அதுவரை வாங்கிவைத்த 38.8 ஜிபியையும் அழித்துவிட்டது. முழுதாக வராததை அது வந்ததாகவே எண்ணுவதில்லை.

ஹார்ட் டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறினால் மாம்பலம் முப்பத்தைந்து நிமிடம். கணக்குப் போட்டால் நொடிக்கு 150 மெகாபிட். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.

29 நவம்பர், புதன்

தப்பு என்னுடையது. என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி. தாண்டினால் 413 என்ற பிழை எண்ணைச் சொல்லித் திருப்பிவிடும். என் அப்லோட் பக்கம் ஓடும் பிஹெச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. போன வருடம் மூன்றையும் 50 ஜிபி என்று மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனவன் நான். வாசலை இடித்து அகலமாக்கினால் யானை வந்துவிடும் என்ற நினைப்பு. என்ஜின்எக்ஸ் முழுக் கோப்பையும் தன்னிடம் எழுதிவைத்த பிறகே பிஹெச்பியிடம் தரும்; பிஹெச்பி தன் பங்குக்கு இன்னொருதரம் எழுதும். 40 ஜிபி கல்யாணத்துக்கு ஒரு கட்டத்தில் 80 ஜிபி இடம் வேண்டும். இரண்டு ஸ்டூடியோ ஒரே இரவில் ஏற்றினால் சர்வர் படுத்துவிடும்.

படிவத்தோடு கோப்பை அனுப்பும் முறையை ஆர்எஃப்சி 1867 என்ற ஆவணமாக ஜெராக்ஸ் நிறுவனத்துக்காரர்கள் இருவர் எழுதிவைத்தது 1995 நவம்பரில். இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரே உறை, ஒரே தபால். அன்றைக்கு அது போதும்.

1 டிசம்பர், வெள்ளி

பிரவுசரிலேயே 8 எம்பி துண்டுகளாக வெட்டி அனுப்புவது என்று முடிவு. 40 ஜிபிக்கு 5,000 துண்டு. விக்கிமீடியா காமன்ஸும் 100 எம்பிக்கு மேலானதைத் துண்டு துண்டாகத்தான் வாங்கிக்கொள்கிறது.

நேற்று நானாக எழுதிய முதல் வடிவம் அசிங்கமாக உடைந்தது. எத்தனை துண்டு போயிற்று என்று பிரவுசர் எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் 'வந்தது' என்ற பதில் வழியில் தொலைந்தது. போகவில்லை போலிருக்கிறது என்று பிரவுசர் அதையே மறுபடி அனுப்ப, சர்வர் அதையும் வாங்கி வாலில் ஒட்டிக்கொண்டது. சோதனைக்குப் போட்ட வீடியோ மாப்பிள்ளை அழைப்புவரை ஒழுங்காக ஓடிவிட்டு, அப்புறம் பச்சைப் பச்சையாகக் கட்டம் கட்டியது.

கல்யாணத்தில் மொய் எழுதுகிறவருக்கு இது தெரியும். "ஆயிரத்தொண்ணு வெச்சேனே" என்று கொடுத்தவர் எவ்வளவு சொன்னாலும் வாங்கியவர் நோட்டில் இருப்பதுதான் கணக்கு. டஸ் என்ற திறந்த நெறிமுறை அப்படித்தான் நடக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும் முன் பிரவுசர் 'எதுவரை வந்திருக்கிறது?' என்று கேட்கும். சர்வர் தன்னிடம் உள்ள பைட் எண்ணிக்கையைச் சொல்லும். அங்கிருந்துதான் அனுப்ப வேண்டும். எண் பொருந்தாவிட்டால் 409 சொல்லி வாங்க மறுத்துவிடும். என் குப்பையைத் தூக்கிப்போட்டுவிட்டு அதற்கு மாறினேன்.

பாதியில் விட்டுப்போன கோப்புகள் சேர்ந்துகொண்டே போகுமே. 48 மணி நேரம் அசையாமல் கிடந்தால் அழித்துவிடும்படி, நேரத்துக்குத் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை போட்டேன்.

4 டிசம்பர், திங்கள்

மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, பீச் ரயில் இல்லை.

நேற்றிரவு ஒன்பதுக்கு அண்ணன் அடுத்த கல்யாணத்தை ஏற்றத் தொடங்கியதைப் பார்த்தேன். பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னால் இங்கே கரண்ட் போனது. அண்ணன் கடை இருக்கும் முடிச்சூர் சாலையிலும் அப்போதே போயிருக்க வேண்டும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதை எழுதும்போதுதான் கிரான் ஞாபகம் வருகிறது. நாளை நள்ளிரவுக்குள் அழித்துவிடும்.

5 டிசம்பர், செவ்வாய்

மழை விட்டது. சிக்னல் தேடி ஜிஎஸ்டி சாலை மேம்பாலம்வரை நடந்தேன். மேலே ஏறினால் ஒரு கோடு. என்னைப்போல் இருபது பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேர் ஊருக்கு "நல்லாயிருக்கோம்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சர்வர் மும்பையில் நனையாமல் இருக்கிறது. அதற்குள் நுழைந்து, கிரானை முடக்க அதன் ஒரே ஒரு வரியின் முன்னால் ஹேஷ் குறி போட நாற்பது நிமிடம். சார்ஜ் நாலு சதவீதம்.

8 டிசம்பர், வெள்ளி

அண்ணன் கடையில் முழங்கால் தண்ணீர் வந்து வடிந்திருக்கிறது. 2015 வெள்ளத்தில் பட்டவர், கரண்ட் போனதுமே கம்ப்யூட்டரையும் டிஸ்கையும் பரணில் ஏற்றிவிட்டாராம். இரவு எட்டுக்குப் போனில், அதே ஜிப்பை மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

"ஒண்ணுலேர்ந்தா தம்பி?"

"போட்டுப் பாருங்கண்ணே."

அவருடைய பிரவுசர் கடைசியாகக் குறித்துவைத்திருந்தது 3,112 துண்டு. சர்வர் சொன்ன பைட் கணக்குப்படி 3,113. 3,114இலிருந்து ஓடத் தொடங்கியது.