பொருள் அறியாத வாசகன்

பொருள் புரியாமல் படிப்பதுதான் அச்சுக்கூடத்தில் நான் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட வித்தை. 1974-ஆம் ஆண்டில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, மதுரையில் மேலமாசி வீதியை அடுத்த சந்தொன்றில் இருந்த ஒரு சிறிய அச்சகத்தில், மூலப் பிரதியை உரக்கப் படிக்கும் பையனாக நான் சேர்ந்தபோது, எதிரே அமர்ந்து புரூஃப் திருத்திக்கொண்டிருந்த பெரியவர் முதல் நாளே என் வாசிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார். கையிலிருந்தது ஒரு நாவல் ஆகையால், நாடக மேடையில் வசனம் பேசுகிறவனைப்போல ஏற்ற இறக்கத்தோடும் உணர்ச்சியோடும் நான் படித்துக்கொண்டிருந்தேன். "தம்பி, கதை நன்றாகத்தான் போகிறது; ஆனால் கதை எனக்கு வேண்டாம். எழுத்து காதில் விழுகிற மாதிரி படி, அர்த்தம் விழுகிற மாதிரி படிக்காதே" என்றார். அன்று முதல், கமாவையும் முற்றுப்புள்ளியையும் பாரா முடிவதையும் வாய்விட்டுச் சொல்லி, ஒற்றுகளை அழுத்தி, னகரம் வந்தால் 'ரெண்டு சுழி' என்றும் ணகரம் வந்தால் 'மூணு சுழி' என்றும் இடையிடையே அறிவித்து, கோயிலில் அர்ச்சகர் சகஸ்ரநாமம் ஒப்பிப்பதுபோல ஒரே ஸ்வரத்தில் படிக்கப் பழகினேன். பகல் முழுவதும் படித்த கதை எப்படி முடிந்தது என்று மாலையில் யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது என்ற நிலை வந்த பிறகுதான், பெரியவர் முதலாளியிடம் என்னைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொன்னார் என்று பின்னால் அறிந்தேன்.

மனிதனுடைய கண் பழக்கத்துக்கு அடிமை. ஒரு சொல்லின் தலையையும் வாலையும் கண்டவுடனே, நடுவிலுள்ளதைத் தானாகவே இட்டு நிரப்பிக்கொண்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிறது. எழுதியிருப்பது எதுவோ அதைக் காணாமல், எழுதியிருக்க வேண்டியது எதுவோ அதையே கண்டு திருப்தி அடைந்துவிடுகிறது. விஷயம் தெரிந்தவனுக்கு இந்தக் குறை அதிகம். நூலை எழுதிய ஆசிரியருக்கோ சொல்லவே வேண்டாம். நாலு தடவை தாமே பார்த்துவிட்டதாக உறுதி கூறி நண்பர்கள் அனுப்பும் பிரதியில்தான், முதற்பக்கத்திலேயே 'முன்னுரை' என்பது 'முன்னுறை' என்று கொட்டை எழுத்தில் நிற்கும். 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை விலக்கியபோது, புதிய உத்தரவு ஒருபுறமும் கேஸில் எஞ்சிக் கிடந்த பழைய ஈய எழுத்துகள் மறுபுறமுமாக, எங்கள் அச்சகத்தில் ஒரே பக்கத்தில் துதிக்கை வைத்த 'லை'யும் துதிக்கை இல்லாத 'லை'யும் கலந்து வரும். ஆயுள் முழுவதும் பழைய வடிவத்தையே பார்த்துப் பழகிய பெரியவரின் கண்ணுக்கு அந்தக் கலப்பு தென்படவில்லை. எழுத்தை எழுத்தாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தென்பட்டது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஈயம் போயிற்று. ஈயத்தோடு கூடவே படிக்கும் பையனும் போய்விட்டான் என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. ஆசிரியரே தட்டச்சு செய்து அனுப்பும் கோப்புத்தானே மூலம், அதையே பக்கமாக அமைத்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது என்பது முதலாளிகளின் நியாயம். சுமார் இருபத்தைந்து வருஷங்கள் நான் தனியாகவே உட்கார்ந்து புரூஃப் பார்த்தேன். அந்தக் காலத்தில் என் கையால் வெளிவந்த நூல்களை இப்போது எடுத்துப் புரட்ட எனக்குத் துணிவில்லை. அந்தத் தனிமை முடிவுக்கு வந்தது ஒரு தற்செயலினால். கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொண்டு, சில வாரங்கள் படிக்கக் கூடாதென்ற கட்டளையோடு வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில், என் பேரன் கைபேசியை வாங்கி, அதன் அமைப்புகளுக்குள் எங்கோ நுழைந்து, பார்வைக் குறைவுள்ளவர்களுக்காக ஏற்படுத்தியிருக்கும் ஒரு வசதியை இயக்கிக் கொடுத்து, "தாத்தா, இனிமேல் இதுவே உங்களுக்குப் படித்துக் காட்டும்" என்றான். செய்தித்தாளில் ஒரு மரண அறிவித்தலையும் அதை அடுத்திருந்த புடவைக்கடை விளம்பரத்தையும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில், துளியும் துக்கமோ உற்சாகமோ இன்றி அது படித்தபோது, என்னை அறியாமல் எழுந்து உட்கார்ந்தேன். எந்தப் பையனை நான் இத்தனை வருஷங்களாக இழந்திருந்தேனோ, அந்தப் பையன் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறான்!

தமிழை இயந்திரம் உயிரில்லாமல் படிக்கிறது என்று என் நண்பர்கள் குறைகூறுகிறார்கள். எனக்கு அதன் மேன்மையே அதுதான். ஆசிரியர் தந்த கோப்பைக் கைபேசி படிக்க, அமைத்த பக்கங்களைக் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, பென்சில் முனையால் வரிவரியாக நான் பின்தொடர்கிறேன். சாதாரணமாக அது பேசும் வேகத்தைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொண்டால் பென்சிலும் குரலும் ஜோடி மாடுகளைப்போல இசைந்து போகின்றன. பக்கம் அமைக்கையில் விடுபட்டுப்போன வரி, ஒரு வரியின் கடைசியிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் இரட்டித்து நிற்கும் 'ஒரு', காலை இழந்து 'பட்டு' ஆகிவிட்ட 'பாட்டு' ஆகியவை இந்த ஏற்பாட்டில் தப்புவதில்லை. கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு பிழையையும் காது பிடித்துவிடுகிறது. 'கௌரவம்' என்ற சொல்லின் முதலெழுத்தைச் சிலர், கொம்பும் ககரமும் அவற்றின் பக்கத்தில் தனி ளகரமுமாகத் தட்டிவிடுவார்கள். அச்சில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. ஆனால் கைபேசி 'கெ-ள-ரவம்' என்று மூன்றாகப் பிளந்து ஒப்பிக்கும்போது, பக்கத்து அறையிலிருப்பவர்கூடச் சிரித்துவிடுவார்.

அதற்குக் கைவராதவையும் உண்டு. மனத்தையும் மணத்தையும், அரத்தையும் அறத்தையும் அது ஏறக்குறைய ஒன்றாகவே உச்சரிக்கிறது. தந்நகரமும் றன்னகரமும் அதன் வாயில் ஒன்றே. 'ரெண்டு சுழி' என்று எச்சரிக்கிற பழக்கம் அதற்கு இல்லை, கமாவைச் சொல்வதுமில்லை. ஆகவே காதுக்கு எந்தப் பிழை, கண்ணுக்கு எந்தப் பிழை, கம்ப்யூட்டரின் தேடும் கட்டளைக்கு எந்தப் பிழை என்று வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதே இன்றைக்கு என் தொழிலில் பாதியாகிவிட்டது.

தேடும் கட்டளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்னால், தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றிவந்தன. அவற்றில் ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாக இருந்தமையால், 'ரி' என்று வர வேண்டிய இடத்தில் காலைப் போட்டு அதன் தலையில் கொக்கியை மாட்டிவிடுவது பலருக்குப் பழக்கமாயிற்று. காகிதத்தில் அது குற்றமாகத் தெரியாது. அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய பிறகோ, கண்ணெதிரே நிற்கும் 'மாரி'யைத் தேடச் சொன்னால், அப்படி யாரும் இல்லை என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிடும். பழைய கோப்பு எது வந்தாலும், ஒரு வரிகூடப் படிப்பதற்கு முன்னால், காலின்மேல் கொக்கி ஏறிய இடங்களையெல்லாம் தேடி ஒரே மூச்சில் 'ரி' ஆக்கிவிடுவது என் முதல் காரியம். கறிகாய் நறுக்குவதற்குமுன் கழுவுவதைப் போல.

ஒற்று விஷயத்திலும் இந்தக் கட்டளையை நான் வேலை வாங்குகிறேன். 'அந்த', 'இந்த', 'எந்த' என்ற மூன்று சொற்களுக்குப் பின் க, ச, த, ப என்னும் நான்கில் எது வந்தாலும் ஒற்று மிக வேண்டுமென்பது விதி. ஆகையால் 'அந்த' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ககரத்தை அடித்துத் தேடினால், கிடைப்பதெல்லாம் ஒற்று விடுபட்ட இடங்களே. மூன்றை நான்கால் பெருக்கப் பன்னிரண்டு தேடல்கள்; முந்நூறு பக்கப் புத்தகத்துக்குப் பத்து நிமிஷம் போதும். இதையே கண்ணால் செய்துகொண்டிருந்த காலத்தில், நூறாவது பக்கத்துக்குமேல் எனக்கே ஒற்றின்மீது ஒருவிதச் சலிப்பு வந்து, இருந்தாலென்ன, போனாலென்ன என்று தோன்றத் தொடங்கிவிடும். (ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஒற்று வேண்டாமென்று வாதிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 'அந்தக் காரா, அந்த காரா' என்று அவர்களோடு தொலைபேசியில் மன்றாடுவதற்கு இன்னும் இயந்திரம் வரவில்லை.)

தேடுவதோடு நில்லாமல், தேடி மாற்றும் கட்டளையிடம் ஒரு முறை கர்வத்தோடு நடந்துகொண்டு பட்ட அவமானம் மறக்கக்கூடியதன்று. நாவலாசிரியர் ஒருவர் கடைசி நேரத்தில் கதாநாயகியின் பெயரைக் கலா என்பதிலிருந்து மாலா என்று மாற்றச் சொன்னார். 'கலா'வைத் தேடு, 'மாலா'வாக்கு, எல்லாவற்றையும் மாற்று என்று மூன்று தட்டில் முடித்துவிட்டு, புதிய யுகத்தின் சௌகரியத்தை வியந்துகொண்டே பிரதியை அனுப்பிவைத்தேன். மறுநாள் காலையில் அவர் பேசினார்: "ஐயா, மாலா எல்லா வினைச்சொல்லுக்குள்ளும் புகுந்துவிட்டாளே!" எடுத்துப் பார்த்தால், 'வீட்டுக்குப் போகலாம்' என்பது 'வீட்டுக்குப் போமாலாம்' ஆகியிருந்தது, 'இருக்கலாம்' என்பது 'இருக்மாலாம்', நாயகி படித்த கலாசாலையோ மாலாசாலையாக அவள் பெயரையே தாங்கி நின்றது. முழுச்சொல்லை மட்டும் மாற்று என்ற வசதி ஆங்கிலத்துக்கு அனுகூலம். கலாவை, கலாவிடம், கலாவின் என்று வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே போகும் நம் பாஷைக்கு அது உதவாது. இப்போதெல்லாம் சொல்லுக்கு முன்னால் ஓர் இடைவெளியைச் சேர்த்துத் தேடி, ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்துச் சம்மதம் கொடுத்தே மாற்றுகிறேன். மேற்கோள் குறியை ஒட்டி நிற்கும் கலாக்களைத் தனியே ஒரு சுற்றுத் தேடுகிறேன்.

கோப்புகளுக்குப் பெயரிடுவதும் பட்டுத்தான் தெரிந்தது. 'இறுதி', 'இறுதி-2', 'கடைசி இறுதி' என்று மூன்று கோப்புகள் இருந்த ஒரு புத்தகத்தில், தவறான இறுதியிலிருந்து ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கங்கள், ஆயிரம் பிரதி ஓடிய பிறகு விஷயம் வெளிப்பட்டது. பெயரிட்டவன் நான் ஆகையால் காகிதத்தின் விலையை நானே கொடுத்தேன். வருஷம், மாதம், தேதி என்ற கிரமத்தில் எண்களை முதலில் எழுதிப் பெயரிட்டால், கோப்புகள் தாமாகவே வயது வரிசையில் நின்றுகொள்கின்றன.

தட்டச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுத்த தமிழ்99 விசைப்பலகையை, அறுபது வயதில் பதினைந்து நாள் பிரயாசைப்பட்டுக் கற்றுக்கொண்டேன். உயிரெல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒற்று வரவேண்டிய இடங்களில் பலவற்றில் அதுவே புள்ளி வைத்துக்கொள்கிறது. 'வந்தான்' என்பதற்கு ஆறு தட்டு. ஆங்கில எழுத்தில் அடிப்பவருக்கு எட்டு. நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் அடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும்.

அகராதிதான் எனக்குப் பெரிய விடுதலை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகனைப் பார்க்க, ஒரு காலத்தில் சந்தேகச் சொற்களைச் சீட்டில் எழுதிச் சேர்த்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் நூலகத்துக்கு நடப்பேன். சிகாகோ பல்கலைக்கழகத்தார் அதை இணையத்தில் ஏற்றி வைத்திருப்பதால், இப்போது சந்தேகம் எழுந்த நிமிஷமே தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: சீட்டிலிருந்த பத்துச் சொற்களுக்காகச் சென்று, நடுவே கண்ணில் பட்ட நாற்பது சொற்களோடு திரும்பிய அந்தச் சனிக்கிழமைகளை எந்தக் கைபேசியும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

இவ்வளவு இருந்தும் ஒரு காகித நோட்டுப் புத்தகத்தை நான் விட்டபாடில்லை. ஒவ்வொரு நூலுக்கும் அதில் இரண்டு பக்கம் ஒதுக்கி, இவருக்குக் 'கோயில்', 'கோவில்' அல்ல. 'லட்சம்', 'இலட்சம்' அல்ல. 'பவழம்', 'பவளம்' அல்ல என்று ஆசிரியரின் விருப்பங்களைக் குறித்துக்கொள்கிறேன். இதையும் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தேன். திறப்பதற்குச் சோம்பல் வந்து நினைவை நம்பினேன், நினைவு ஏமாற்றியது. மேஜைமேல் விரித்துக் கிடக்கும் நோட்டைத் திறக்க வேண்டியதில்லை. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை கைபேசியில் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன். அடித்தால் எழுந்து மொட்டைமாடிக்குப் போய் வருவேன். சோர்ந்த கண்ணுக்குப் பிழையும் சரியும் ஒரே நிறம்.

சென்ற மாதம் இளம் கவிஞர் ஒருவரின் தொகுதி வந்தது. தேடல்கள் எல்லாம் முடிந்தன. கைபேசியும் முதலிலிருந்து கடைசிவரை தடங்கலின்றிப் படித்து முடித்தது. பென்சிலோடு தனியாக மூன்றாம் முறை பார்க்கையில், ஓரிடத்தில் 'பூக்களின் மனம்' என்றிருந்தது. மூணு சுழியாக மாற்றி, ஓரத்தில் குறியும் இட்டுவிட்டேன். பிறகு அடுத்த வரியை இன்னொரு முறை, இந்தத் தடவை அர்த்தத்துக்காகவே படித்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ரெண்டு சுழிதான் ஐயா" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

ரப்பரால் அழித்தேன். மூணு சுழியின் தடம் காகிதத்தில் கொஞ்சம் தங்கிவிட்டது. அச்சுக்குப் போகிறவர்கள் குழம்பக் கூடாதென்று, சொல்லின் அடியில் புள்ளிகள் இட்டு, ஓரத்தில் 'ரெண்டு சுழி சரி' என்று எழுதி வைத்தேன்.