ஃபார்மட் போடுவதற்கு முன்

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு சார்." கணினி பழுது என்று யார் வந்தாலும் முதலில் சொல்வது இதைத்தான். வேர்டைச் சொடுக்கினால் ஒரு நொடி முகம் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. அடுத்துக் கடைக்காரர் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பழைய சாஃப்ட்வேர், ஃபார்மட் போட்டுடலாம்." அப்படி அவசரமாகத் தலையாட்டி, பல வருடக் கடிதங்களையும் கணக்குகளையும் இழந்த வீடுகளை நான் அறிவேன்.

ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்துக் கணினிகளைப் பார்த்துத் தருகிறேன். வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. நேற்று ஓடியதென்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் புதிதாக என்ன வந்தது?

பெரும்பாலும் வந்திருப்பது ஒரு விண்டோஸ் அப்டேட். அதைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கணினிக்குள் அயலார் நுழையும் ஓட்டைகளை அடைக்கத்தான் அது வருகிறது. ஆனால் வேர்ட் தனியாக ஓடுகிற நிரல் அல்ல. எழுத்துரு, பிரிண்டர் டிரைவர், திரையை வரைகிற கிராஃபிக்ஸ் டிரைவர், விண்டோஸின் பொதுக் கோப்புகள் என்று பலவற்றையும் நம்பித்தான் அது திறக்கிறது. அவற்றில் ஒன்று மாறினாலும் பழைய நிரல் தடுமாறும். 2019 ஆகஸ்ட் 13 அன்று வெளியான அப்டேட்டுகளுக்குப் பிறகு, விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய நிரல்களும் ஆஃபீஸ் மேக்ரோக்களும் நின்றுபோகக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. சில நாட்களில் திருத்தமும் வந்தது. அதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உட்கார்ந்தவருக்கு அந்தத் திருத்தத்தால் என்ன பயன்?

விண்டோஸில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. எந்த நாளில் எந்த அப்டேட் ஏறியது, எந்த நிரல் விழுந்தது என்று நாள்வாரியாகக் காட்டும். முதலில் அதைப் படிக்க வேண்டும். பிறகு கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே வேர்டைத் திறந்தால், சேஃப் மோடில் திறக்கட்டுமா என்று அதுவே கேட்கும். அப்படித் திறந்துவிட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி. வேர்ட் நலமாக இருக்கிறது, அதோடு ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்றில்தான் கோளாறு.

அந்த ஏதோ ஒன்று அனேகமாக ஆட்-இன் தான். பிடிஎஃப் மாற்றி, கையெழுத்துக் கருவி, தமிழ்த் தட்டச்சுக் கருவி என்று வருடக்கணக்கில் சேர்ந்தவை. ஆப்ஷன்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்க வேண்டும். பொறுமை கேட்கிற வேலை. ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் சரியாகிவிடலாம், எதனால் சரியானது என்று மட்டும் தெரியாமலே போகும். மறுமுறை விழும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆட்-இன்னில் பழுதில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது வேர்டின் நார்மல் டெம்ப்ளேட் கோப்பு. அந்தக் கோப்பை அழிக்கக் கூடாது, பெயரை மட்டும் மாற்ற வேண்டும். வேர்ட் புதிதாக ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பழையதில் உங்கள் மேக்ரோக்களும் எழுத்து அமைப்புகளும் பத்திரமாக இருக்கும்.

ஒரு சிறிய அலுவலகத்தில் தேடித் தேடிக் கண்டது, எப்போதோ கழற்றிவிட்ட பிரிண்டர் இன்னும் டீஃபால்டாக இருந்ததை. வேர்ட் திறக்கும்போது அந்த இல்லாத பிரிண்டரிடம் பேச முயன்று விழுந்துகொண்டிருந்தது. வேறொன்றைத் தேர்ந்தெடுத்ததும் திறந்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் மூத்த தட்டச்சர் ஒருவர் இருந்தார். பிரிவை மாடிக்கு மாற்றிய பிறகு அவர் வேலையில் பிழைகள் வர ஆரம்பித்தன. வயதாகிவிட்டது, வேறு ஆள் போடலாம் என்று பேச்சு கிளம்பியது. புது இடத்தில் ஜன்னல் அவருக்கு நேர் எதிரே இருந்தது, காலை முழுக்க வெயில் கண்ணில் அடித்தது. மேசையைத் திருப்பிப் போட்டோம். ஓய்வு பெறும்வரை அவரைப் போல் சுத்தமாக அடித்தவர் அங்கே இல்லை. பழையது தடுமாறினால் அதன் வயதைச் சொல்லி முடிப்பது எளிது. சுற்றி மாறியதைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஆனாலும் வயதே காரணமாகிற இடம் உண்டு. 2019 அக்டோபரில் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா, 32-பிட் நிரல்களைத் திறப்பதை அடியோடு நிறுத்தியது. மேக்குக்கான ஆஃபீஸ் 2011 அந்த வகை. அதற்கு மேல் எந்த வைத்தியமும் பலிக்காது. விண்டோஸில் ஆஃபீஸ் 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபர் 13-இலும், ஆஃபீஸ் 2016, 2019-க்கானது 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. ஆதரவு முடிந்த மறுநாளே நிரல் நின்றுவிடாது. ஆனால் இனி ஓர் அப்டேட்டால் அது விழுந்தால் திருத்தம் வரும் என்று காத்திருக்க முடியாது. எது பழுது, எது முடிவு என்று பிரித்தறிவதற்குத்தான் நிதானம் வேண்டும். பழுதை முடிவென்று நினைத்துத் தூக்கி எறிகிறோம், முடிந்ததைப் பழுதென்று நினைத்து மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம்.

முடிந்துவிட்டது என்றாலும் உள்ளே இருக்கும் எழுத்து முடிந்துவிடவில்லை. பழைய டாக் கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் இலவசமாகவே திறக்கும். நமக்கு இன்னொரு கவலை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். தாத்தா அடித்துவைத்த குடும்ப வரலாற்றைப் பேரன் திறந்து, கோப்பு கெட்டுவிட்டது என்று நீக்கிவிடக்கூடும். ஆகவே ஒரு பிரதியை யூனிகோடுக்கு மாற்றிவைக்க வேண்டும், இன்னொன்றைப் பிடிஎஃப் ஆக்க வேண்டும். இரண்டையும் வெளியே ஒரு பென் டிரைவிலும் போட வேண்டும்.

பழைய ஆஃபீஸை நீக்க யாராவது கை வைக்கும்முன், அதன் டிஸ்க்கும் ப்ராடக்ட் கீயும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீக்க விடாதீர்கள். வேர்ட் இன்று ஒழுங்காகத் திறக்கிறது என்றால் பிரதி எடுக்க இன்றே உட்காருங்கள், வேறெங்கும் பிரதி இல்லாத கோப்புகளிலிருந்து தொடங்குங்கள்.