வெள்ளி இரவு எப்போது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒன்லைனில் பஸ் சீட் புக் பண்ணுகிறவர்களும், அதைவிட முக்கியமாக மற்றவர்களுக்குப் புக் பண்ணிக் கொடுக்கிறவர்களும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

எங்கள் அடுத்த வீட்டு ராத்தாவுக்கு மஹரகமயில் கிளினிக். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே நிற்க வேண்டும். "வெள்ளி இரவு பஸ்ஸுக்கு ஒரு சீட் போட்டுத் தாங்க. நீங்க ரெண்டு பேரும் படிப்பிக்கிற ஆக்கள், உங்களுக்கு இதெல்லாம் தெரியுந்தானே" என்று அடையாள அட்டையையும் காசையும் தந்துவிட்டுப் போனார்.

நம்மட ஆக்களுக்கு வெள்ளி இரவு என்றால் வியாழன் மஃரிபோடு தொடங்குகிற இரவு. அதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. பஸ் அக்கரைப்பற்றில் இரவு 9.45க்கு வெளிக்கிட்டு, கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்பு என்று ஆள் ஏற்றிக்கொண்டு ஓட்டமாவடிச் சந்திக்கு வரும்போது 12.20 ஆகிவிடும். நள்ளிரவு தாண்டினால் கலண்டரில் வெள்ளிக்கிழமை. ஆகவே வெள்ளிக்கிழமைத் திகதியை அமத்தினோம். "ஓட்டமாவடி 12.20" என்று காட்டியது. காசு கட்டினோம், எஸ்எம்எஸ்ஸும் வந்தது. எல்லாம் சரி என்று படுத்துவிட்டோம்.

வியாழன் இரவு ராத்தா மகனோடு சந்தியில் போய் நின்றிருக்கிறார். பஸ் வந்தது. கண்டக்டர் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்கட பேர் நாளைக்கித்தான் இரிக்கி ராத்தா" என்று சொல்லிவிட்டார். பஸ் முட்ட ஆள். பாவம், அந்தத் தம்பி எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். முதுகு வலியோடு விடிய விடிய அப்படி இருந்து போக ராத்தாவால் முடியாது. திரும்பி வந்துவிட்டார். அடுத்த கிளினிக் திகதி ஆறு கிழமைக்குப் பிறகுதான் கிடைத்தது.

சுபஹுக்குப் பிறகு கதவைத் தட்டி இதைச் சொன்னபோது அவர் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். அந்த வெப்சைட் கேட்ட திகதி, பஸ் அக்கரைப்பற்றில் வெளிக்கிடுகிற திகதி. நாங்கள் கொடுத்தது, ராத்தா ஓட்டமாவடியில் ஏறுகிற திகதி. ராத்தாவே அமத்தியிருந்தாலும் வெள்ளியைத்தான் அமத்தியிருப்பார். அவர் மஃரிபைக் கணக்கு வைத்து, நாங்கள் நள்ளிரவைக் கணக்கு வைத்து, இரண்டு வழியாகவும் அதே பிழையான பஸ்ஸுக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்போம்.

அந்த வெப்சைட்டைச் செய்தவர் எங்களிடம் உயர்தரத்தில் ஐசிடி படித்த தம்பி. போன் எடுத்தோம். "சேர், அது யூசர்ட பிழை. கீழ போட்டிருக்கு" என்றார். பார்த்தோம். போட்டிருந்ததுதான். ஆங்கிலத்தில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். ஒரு பிள்ளை பிழைவிட்டால் பிள்ளையைப் பார்க்கலாம், அரைவாசி வகுப்பு ஒரே பிழையை விட்டால் படிப்பித்தவரைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப ஒரு கூகுள் ஃபோம் அனுப்பி ஆக்கள்ட கேப்பமா சேர்?" என்றார்.

வேண்டாம் என்றோம். வகுப்பில் "விளங்கிச்சா?" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் "ஓம் சேர்" என்றுதான் சொல்லும். கணக்கைக் கையில் கொடுத்தால்தான் விளங்கியதா இல்லையா என்று தெரியும். வெப்சைட் செய்கிறவர்களும் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பாவிக்கிற ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் பேசாமல் இருந்து பார்ப்பது. இந்தத் துறையில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க்காரர் 2000ஆம் ஆண்டில் எழுதியது, இதற்கு நூறு பேர் தேவையில்லை, ஐந்து பேர் போதும், பெரும்பாலான சிக்கல் அதற்குள் வெளியே வந்துவிடும் என்று. திருத்திவிட்டுத் திரும்பவும் ஐந்து பேரை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்து பேர் நம் ஊரில் கஷ்டமா? அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டோம். பஜாரில் சில்லறைக்கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர், வீட்டில் உடுப்புத் தைக்கும் ஒரு தங்கச்சி, ஓய்வுபெற்ற ஒரு தபால் ஊழியர், வாழைச்சேனையிலிருந்து எங்களோடு படிப்பிக்கும் தமிழ் டீச்சரின் அம்மா, ஐந்தாவது ராத்தா. எல்லாருக்கும் ஒரே வேலை: "வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் கொழும்பில் நிற்க வேண்டும். சீட் போடுங்கள்."

எங்களுக்கும் தம்பிக்கும் ஒரே சட்டம்: வாய் திறக்கக் கூடாது. சொல்ல இலேசு. கல்வியியல் கல்லூரியில் கற்பித்தல் பயிற்சியின்போது விரிவுரையாளர் பின்வாங்கிலில் படிவத்தோடு இருந்து, நாங்கள் கரும்பலகையில் பிழை எழுதுவதை ஒரு சொல்லும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவர் மேல் கோபம். அவர் எவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருப்பார் என்று இப்போதுதான் தெரிந்தது.

கடைக்காக்கா முதலாவது பக்கத்திலேயே நின்றுவிட்டார். தமிழைத் தெரிவு செய்தால் பட்டனில் "இப்போது புத்தகம்" என்று வருகிறது. "புத்தகம் எனக்கு என்னத்துக்கு மகன்? சீட்தானே வேணும்" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். மொழிபெயர்ப்பை மெஷினிடம் விட்டிருக்கிறார்.

தைக்கிற தங்கச்சி ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்தார், வரவில்லை. நம் ஊரை நாலு பேர் நாலு விதமாக எழுதுவோம், வெப்சைட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தபால் ஐயாவின் அடையாள அட்டை பழையது, ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு வீ எழுத்தும். அந்தப் பெட்டியைத் தொட்டால் போனில் இலக்கங்கள் மட்டுமே வருகின்றன. 2016க்குப் பிறகு வந்த பன்னிரண்டு இலக்க அட்டையை மனதில் வைத்துச் செய்தது. வீயைத் தேடித் தேடி, கடைசியில், "அப்ப பழைய அட்டைக்காரர் பஸ்ஸில போறல்லையா?" என்று கேட்டார்.

காசு கட்டும் இடம் இன்னொரு கதை. பிடித்து வைத்த சீட் பத்து நிமிஷத்தில் விடுபட்டுவிடும். தங்கச்சி பாவிப்பது கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளையின் கார்ட். ஓடிபி அவருடைய போனுக்குப் போகும். அவர் வேலையில் இருப்பார். அவர் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சீட் போய்விட்டிருக்கும். இந்த ஊரில் எத்தனை வீட்டில் கார்ட் ஒரு நாட்டிலும் ஆள் ஒரு நாட்டிலும் இருக்கிறது என்று நாங்கள் சொல்லித்தானா தெரிய வேண்டும்? அது அந்தத் தம்பிக்கும் தெரியும், அவருடைய வாப்பாவும் சவூதியில்தான் இருந்தார். ஆனாலும் செய்யும்போது நினைவு வரவில்லை.

இதெல்லாம் எரிச்சல்தான், ஆனால் ஒருவர் பயணத்தைக் கெடுக்காது. எல்லாவற்றையும் தாண்டித் திகதிக்கு வந்தார்கள். ஐந்து பேரில் நாலு பேர் வெள்ளியைத்தான் அமத்தினார்கள். தமிழ் டீச்சரின் அம்மா மட்டும் வியாழனை அமத்தினார். ஏன் என்று கேட்டோம். "இரவு பஸ் எண்டா முதல் நாள்தானே ஏற வேணும்" என்றார். 12.20 என்பதை அவர் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் அவரும் மாறியிருப்பார்.

கடைசியாக ராத்தா. நாங்கள் செய்த அதே பிழையை அதே இடத்தில் செய்தார். தம்பி கதிரையை விட்டு எழும்பி முற்றத்துக்குப் போய் நின்றார். ராத்தா போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எப்ப ஏறுற எண்டு கேக்கிது. எனக்கு எப்ப அங்க நிக்கணும் எண்டு கேக்கவே இல்லியே."

இரண்டு கிழமையாக நாங்கள் யோசித்தது திகதிப் பெட்டிக்கு மேலே என்ன எழுதலாம் என்பதைத்தான். தம்பிக்கு "வியாழன் இஷாவுக்குப் பிறகு, வெள்ளி சுபஹுக்கு முன்" என்று போட ஆசை. நம் ஆக்களுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த பஸ்ஸில் வாழைச்சேனை ஆக்களும் பொலன்னறுவை ஆக்களும் ஏறுகிறார்கள். இப்போது முதலாவது கேள்வி எந்த ஊரில் ஏறுகிறீர்கள் என்பது. இரண்டாவது, எந்த நாள் விடியக் கொழும்பில் இறங்க வேண்டும் என்பது. அதற்குப் பிறகு பெரிய எழுத்தில்: "வியாழன் படுக்கப் போகும் இரவு, 12.20க்கு ஓட்டமாவடிச் சந்தி. வெள்ளி காலை கொழும்பு." எஸ்எம்எஸ்ஸிலும் அதே வசனம். அடையாள அட்டைப் பெட்டி வீயை எடுக்கிறது. புத்தகம் போய் "சீட் போடுங்கள்" வந்துவிட்டது. ஓடிபி நேரம் மட்டும் இன்னும் சரிவரவில்லை, காசு எடுக்கும் கம்பெனியோடு பேசிக்கொண்டிருக்கிறாராம்.

ராத்தா போன கிழமை கிளினிக் போய் வந்தார், அல்ஹம்துலில்லாஹ். சீட்டை அவரே போட்டார். போட்டுவிட்டு எங்களிடம் காட்டிச் சரியா என்று இரண்டு தரம் கேட்டார். நாங்களும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னோம்.

இன்ஷா அல்லாஹ் வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு இரண்டாவது சுற்று, இந்த முறை கொழும்பிலிருந்து ஊருக்கு வருகிற பயணம். மூன்று பேர் சரி, இன்னும் இரண்டு பேர் தேவை. வாசிக்கக் கண்ணாடி போடுகிற ஒருவரும், இதுவரை ஒன்லைனில் எதுவுமே வாங்காத ஒருவரும் கிடைத்தால் நல்லது. உங்கள் வீட்டு உம்மம்மாவையும் கூட்டி வரலாம். சொந்தப் போனையே கொண்டு வாருங்கள், தேத்தண்ணி எங்கள் வீட்டில்.