பழவேற்காட்டு ஏரிக்கரையிலே

சென்னைவாசிகளான குடும்பஸ்தர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூடவே ஒரு கவலையும் வந்து சேருகிறது. குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது? கடற்கரைக்குப் போனால் மணலைக் காட்டிலும் ஜனங்கள் அதிகம். மிருகக்காட்சிசாலைக்கோ போன மாதந்தான் போயாயிற்று. இப்படித் தவிப்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறோம். தெற்கே போகிற கூட்டத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, நீங்கள் வடக்கே புறப்படுங்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. வயல்களையும் உப்பங்கழிகளையும் கடந்து அது கொண்டுபோய் விடும் இடம் பழவேற்காடு. சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோ மீட்டர் தூரம்.

ஏரியா, கடலா?

கரையில் நின்றதும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "இது ஏரியா, கடலா?" என்பதுதான். பெரியவர்கள் பதில் சொல்லத் தயங்கினால் அதில் வெட்கத்துக்கு இடமில்லை. ஏனெனில் அது இரண்டுமாக இருக்கிறது. ஒடிஷாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்குத் தெற்காகச் சுமார் 60 கிலோ மீட்டர் நீண்டு கிடக்கிறது. அதில் பெரும் பகுதி ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது. தென்கோடி மட்டுமே நம் பங்கு. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மதில்போல் படுத்திருக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல ஜலத்தைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் உப்பு ஜலத்தை அனுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியின் உப்புக் கரைந்து போகிறது. கோடையிலோ அது கடலையே மிஞ்சிவிடுகிறது. அவ்வளவு பரந்த நீர்ப்பரப்பாயிருந்தும், பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான்.

ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து அப்பால் போனால் கலங்கரை விளக்கமும், வலை உலர்த்தும் குப்பங்களும், வெண்மணல் கடற்கரையும் வந்துவிடுகின்றன. ஒரு பக்கம் ஓயாத அலை. மறு பக்கம் அசையாத ஏரி. இரண்டையும் ஒரே நாளில் அனுபவிக்கும் பாக்கியம் வேறு எத்தனை ஊர்களில் கிடைக்கும்?

பூநாரைகளின் சபை

ஐப்பசி முதல் மாசி வரையில் போகிறவர்களுக்கு விசேஷமான ஒரு காட்சி காத்திருக்கிறது. தூரத்தில், நீரும் வானமும் சேருமிடத்தில், யாரோ ரோஜா நிறத் துகிலை விரித்துப் போட்டாற்போல் தோன்றும். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் துகில் மெல்ல நடக்க ஆரம்பிக்கும்! அவைதாம் பூநாரைகள். நீண்ட கால்களும் வளைந்த கழுத்துமாக, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரை அலகிலே வடிகட்டி, சிறு பூச்சிகளையும் பாசியையும் உண்கின்றன. அவற்றின் மேனி நிறமே அந்த உணவிலிருந்து வந்ததுதான். குஞ்சுப் பருவத்தில் அவை வெறும் சாம்பல் நிறம். கூழைக்கடா, உள்ளான், ஆலா என்று இன்னும் எத்தனையோ விருந்தாளிகள். 1980-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

வந்தவர்களும் போனவர்களும்

பறவைகளைத் தவிர வேறு சில விருந்தாளிகளும் இங்கே வந்தார்கள். அவர்கள் அழைக்காமல் வந்தவர்கள். போர்ச்சுகீசியர் முதலில், பிறகு டச்சுக்காரர்கள். 1613-ஆம் ஆண்டில் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, 1690 வரையில் சோழமண்டலக் கரை முழுமைக்கும் இதையே தலைமை ஸ்தானமாக வைத்திருந்தார்கள். எதற்காக? நம் நெசவாளிகளின் துணிக்காக. இங்கே துணி வாங்கி, கீழைத் தீவுகளில் அதைக் கொடுத்து, மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மலேயா மக்கள் இன்றைக்கும் கட்டங்கள் போட்ட கைலியைப் 'பெலிகாட்' என்கிறார்கள். அது நம் பழவேற்காட்டின் பெயரேதான்! துணி மட்டுந்தான் கப்பலேறியது என்று எண்ண வேண்டாம். பஞ்ச காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட நம்மவர்களும் இத்துறையிலிருந்து பட்டேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள்.

இன்று அக்கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லிலே செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதே ஏரியின் மறு கரையிலோ, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980-ஆம் ஆண்டு ரோகிணி என்னும் செயற்கைக் கோளைச் சுதந்திர இந்தியா தன் சொந்த ராக்கெட்டில் விண்ணுக்கு ஏற்றியது. இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும்போது நெஞ்சு நிமிராமல் இருக்குமா? ஆனால் ராக்கெட் புறப்படும் நாட்களில் செம்படவர் கடலுக்குப் போகலாகாது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

முகத்துவாரம்

ஏரியை நம்பிப் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குள் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் இறால் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் பலசாலிக்கே என்பது இங்கே கிடையாது. கோர்ட்டும் கச்சேரியும் ஏற்படுவதற்கு முன்பே ஏழைகள் தாமாக வகுத்துக்கொண்ட நியாயம் இது. வலையில்லாத இருளர் பெண்மணிகளோ இடுப்பளவு ஜலத்தில் நின்று, கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள்.

இத்தனை பேருடைய சோறும் ஒரு சிறு வாய்க்குள் அடங்கியிருக்கிறது. அதுதான் முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்கிறது. பெரிதானதும் கடலுக்குத் திரும்புகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் இந்தப் போக்குவரத்து நின்றுபோகும். ஆற்றில் வெள்ளம் குறைந்தால் மணலைத் தள்ள வலுவில்லை. அப்படி அடைபட்ட காலங்களில் செம்படவர்களே கூடி மண்ணை வெட்டித் திறந்திருக்கிறார்கள். ஏரி செத்தால் இறால் மட்டுமா போகும்? பூநாரையும் போகும், பார்க்க வரும் நமக்கும் சேறுதான் மிஞ்சும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

விடியற்காலையில் புறப்படுங்கள், வெயில் ஏறுமுன் பறவைகளைப் பார்த்துவிடலாம். குடிநீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும். ஊர்ப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளில் இரண்டொன்று வாங்கி வாருங்கள். தோணிச் சவாரிக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதியன்று, உல்லாசமாகப் படகேறிய 22 பேர் முகத்துவாரத்துக்கு அருகே மூழ்கி இறந்தார்கள். அவர்களும் குழந்தை குட்டிகளோடு பண்டிகை கொண்டாட வந்தவர்களே. சாந்தமாகத் தோன்றும் ஜலந்தான். ஆயினும் ஏரியும் கடலும் சந்திக்கும் இடத்தில் நீரோட்டம் பொல்லாதது.

கொண்டுபோன இலையையும் காகிதத்தையும் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். பூநாரைகள் பல நூறு மைல் பறந்து வந்து, நாலு மாதம் தங்கி, கரையில் ஓர் இறகைத் தவிர வேறொன்றும் போடாமல் திரும்புகின்றன. அந்த மரியாதை நமக்கும் இருக்கலாமல்லவா?