பத்துத் தூண் சந்துக்காரர்கள்

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்கள் பார்ப்பது பழைய அரண்மனையின் கால்வாசியைத்தான். மீதியில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. தப்பிய கொஞ்சம் பக்கத்துத் தெருக்களில், ஜனங்களுக்கு நடுவே நிற்கிறது. அதில் முக்கியமானது பத்துத் தூண்.

போடிநாயக்கனூர் ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் ஏலத்தோட்ட ஆட்கள் மலையிறங்கி வந்து துணி எடுப்பார்கள். அதற்கான சரக்கை எங்கள் ஊர்க் கடைகள் கொள்முதல் செய்வது மதுரையில், விளக்குத்தூணையும் பத்துத் தூணையும் சுற்றியுள்ள மொத்தக் கடைகளில். நான் வாலிபத்தில் அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு மாடி அறையில் குடியிருந்தேன்.

சந்துக்குள் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது தூண் அல்ல. நைட்டி, கைலி, சுங்குடிச் சேலைக் கட்டுகள். தலைச்சுமைக்காரர் "வழி, வழி" என்று குரல் கொடுப்பார்; சுவரோடு ஒட்டி ஒதுங்குகிறோம். ஒதுங்கிய இடம் சுவரல்ல, தூண் என்பது அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். மகாலுக்குள் இருக்கும் தூண்களைப் போல வழவழப்பான சுண்ணப்பூச்சு இதற்குக் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல், அதன் பொருத்துவாய் எல்லாம் வெளியே தெரியும். மூன்று பேர் கைகோத்தால்தான் ஒன்றைச் சுற்றி வளைக்க முடியும். இந்தத் தூண்கள் தாங்கிய கூரை எப்போதோ போய்விட்டது.

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அவர் கட்டிய அரண்மனையில் சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என இரு பெரும் பகுதிகள் இருந்தன. இன்றைய மகால் சொர்க்க விலாசம். பத்துத் தூண் ரங்க விலாசத்தின் மிச்சம் என்று சொல்கிறார்கள். அரண்மனையை இடித்தது வெளிப்பகைவன் அல்ல. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பிரித்தெடுத்துக் கொண்டுபோனார் என்பது வரலாறு. மிஞ்சியதைப் பழுதுபார்க்க வைத்தவர், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. பிறகு நீண்டகாலம் அங்கே நீதிமன்றங்கள் நடந்தன.

கட்டடம் போன இடத்தில் தெரு வந்தது. நகராவும் மேளமும் முழங்கிய இடத்தில் நவபத்கானா தெரு இருக்கிறது. நெசவும் சாயமும் அறிந்த சௌராஷ்டிரக் குடும்பங்கள் இந்தப் பகுதியில் தலைமுறைகளாக வாழ்கின்றன. வாசலில் இரண்டு பெண்கள் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டே என்னிடம் திரும்பி, "தம்பி, சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்பார்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலையில் புள்ளிக்குப் புள்ளி முடிச்சுப்போட்ட விரல்கள் இந்த வீடுகளிலும் இருந்தன.

ஸ்பெயினின் கிரனாடா நகரில் அல்ஹாம்ப்ரா அரண்மனை 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எதிர்மேட்டில் ஜனங்கள் குடியிருக்கும் அல்பைசின் என்ற பழைய பகுதியை 1994இல்தான் அதோடு சேர்த்தார்கள். அரண்மனையும் எதிரே உள்ள வீடுகளும் ஒரே சொத்து என்று ஒப்புக்கொள்ளப் பத்தாண்டு பிடித்தது. இங்கே அந்தப் பேச்சே பலமாக எழவில்லை என்பது எனக்கு வருத்தம். புராதனச் சின்னம் என்றாலே கடைகளை அகற்று, கம்பிவேலி போடு என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடைக்காரர் காலையில் கதவைத் திறக்கும்போதே தூணடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுவார். அதற்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. ஆனால் தூணில் ஆணி அடிக்கக்கூடாது, மின்கம்பியைச் சுற்றக்கூடாது, கடைப் பலகை மறைக்கக்கூடாது. இவற்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்.

மதுரை நாயக்கர்கள் வகுத்த 72 பாளையங்களில் எங்கள் போடியும் ஒன்று. ஆகவே அந்தத் தூண்களில் எங்களுக்கும் பங்குண்டு. இப்போது அகலப்பாதையும் வந்துவிட்டது. 2023 ஜூனிலிருந்து மறுபடி போடியில் ரயில் ஏறலாம். மதுரை ஜங்ஷனில் இறங்கி விளக்குத்தூணுக்கு ஆட்டோ பேசுங்கள். சரக்கு எடுத்து, பில் போட்டு, மூட்டையை லாரி ஆபீசில் சேர்த்துவிட்டு, வண்டிக்கு நேரமிருந்தால் அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.