நாணுக்கு மெழுகு

தேர்வுத்தாள் திருத்தும் பணி ஒருவாறு முடிந்தது. சில மாதங்களாக எழுத எண்ணித் தள்ளிப் போட்டு வந்த ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். நடந்ததற்குக் காரணமும் நான் ஒன்றைத் தள்ளிப் போட்டதுதான்.

எங்கள் பள்ளியின் புறப்பாட நடவடிக்கைகளுள் வில்வித்தையும் ஒன்று. அதன் பொறுப்பாசிரியன் நான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் சிறிது காலம் வில் பிடித்தேன் என்று ஆசிரியர் அறையில் வாய்தவறிச் சொன்னேன். அடுத்த வாரமே பொறுப்பு என் தலையில் வந்து அமர்ந்தது. எங்களிடம் உள்ளவை ஆறு விற்கள். ஆறும் பிறர் பயன்படுத்திய பின் நமக்குத் தந்தவை.

ஒரு புதன்கிழமைப் பயிற்சியில், நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்றாவது அம்பை இழுத்தபோது நாண் அறுந்தது. அறுந்த முனை அவளது இடக்கையில் சாட்டைபோல் வீசிச் சென்றது. முழங்கைக்குக் கீழே விரற்கடை அகலத்திற்குச் சிவந்து தடித்துவிட்டது. வில்லின் மேற்பகுதியிலும் கீறல் விழுந்தது. அம்பைச் செலுத்த வேண்டிய விசை, நாண் அறுந்தால் வில்லின்மீதே திரும்பிவிடும். அது கண்ணில் பட்டிருந்தால்? அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நாணின் இழைகள் பிரிந்து மயிர்போல் சிலிர்த்து நின்றதை இரண்டு வாரங்களுக்கு முன்பே பார்த்திருந்தேன். மெழுகு தேய்க்க வேண்டும் என்பதும் தெரியும். மெழுகு தீர்ந்திருந்தது, வாங்கவில்லை, அவ்வளவுதான். தமிழில் நாண் என்றால் வில்லின் கயிறு. நாண் என்றால் வெட்கமும்தான். இவ்விரு பொருளையும் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன்.

மறுநாள் மாணவியின் தாத்தா பள்ளிக்கு வந்தார். திட்டு வாங்கவே அணியமாக நின்றேன். பெரியவரோ, “ஐயா, அந்த அறுந்த கயிற்றைப் பார்க்கலாங்களா?” என்றார். எடுத்து வந்து கொடுத்தேன். விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். “இதுல மெழுகே இல்லீங்களே. செருப்புத் தைக்கிற நூலையே நாங்க மெழுகு போடாம ஊசியில கோக்க மாட்டோம்.” தோட்டத்தை விட்டு வந்த பின் நெடுங்காலம் பட்டணத்தில் காலணி தைத்தவராம். குற்றஞ்சாட்டும் தொனியே அதில் இல்லை. அதுவே என்னை மேலும் சுட்டது.

நாண் என்பது ஒற்றைக் கயிறன்று. பல இழைகளின் கூட்டு. ஒவ்வோர் எய்தலிலும் இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயும். மெழுகு அவற்றை ஒட்டி ஒன்றாக்கும், உராய்வைக் குறைக்கும், ஈரத்தையும் தள்ளி நிறுத்தும். இன்றைய செயற்கை இழைக்கே இது தேவையென்றால், நார் நூலால் நாண் செய்த காலத்தில் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் 1545-இல் ‘டாக்சோஃபிலஸ்’ என்னும் வில்வித்தை நூலை வெளியிட்டார். நாணைப் பற்றியும் அதில் தனியே பேசுகிறார். இவர் பின்னாளில் இளவரசி எலிசபெத்துக்கு ஆசானாக இருந்தவர். நம் தொழில்காரர் என்பதால் எனக்கு அவர்மீது தனி மதிப்பு. அதே 1545-இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பலை 1982-இல் மேலே கொண்டு வந்தார்கள். அக்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மர விற்கள் கிடைத்துள்ளன.

ஜப்பானியரின் கியூடோவில் பைன் மரப் பிசினை எண்ணெயோடு காய்ச்சி நாணுக்குத் தேய்ப்பார்கள். அதன் பெயர் குசுனே. பழைய நாண் நூலைப் பின்னிச் செய்த சிறு பட்டையால் நாணை வேகமாகத் தேய்த்துச் சூடேற்றி, அதை உள்ளே இறங்கச் செய்வார்கள். முழு ஆயத்தத்தோடு காத்திருப்பதைக் குறிக்கும் ஜப்பானிய மரபுத்தொடர் ஒன்று இந்தக் குசுனேயிலிருந்தே பிறந்தது. ஆயத்தமில்லாதிருந்த எனக்கு அதைப் படித்தபோது முகத்தில் அறைந்தாற்போலிருந்தது.

பெரியவரும் நானும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் மெழுகு காய்ச்சினோம். தேன் விற்பவரிடம் அடைமெழுகு வாங்கினேன். பிசினுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டியும் பைன் பிசினிலிருந்து வருவதே. இசைக் கருவிக் கடையில் கிடைத்தது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆனால் நேரே நெருப்பில் வைக்கக்கூடாது, பற்றிக்கொள்ளும். கொதிநீர்ச் சட்டிக்குள் சிறு பாத்திரத்தை வைத்தே உருக்க வேண்டும். ரோசின் இளக இன்னும் சற்று நேரமாகும். பொடித்துப் போட்டால் பொறுமை சோதிக்கப்படாது.

முதல் முறை மெழுகை மட்டும் உருக்கினோம். நூலில் பிடிப்பில்லாமல் செதில் செதிலாக உதிர்ந்தது. அடுத்து மெழுகும் பிசினும் சரிபாதி. அது வெயிலில் பிசுபிசுத்துத் திடலின் மணலையெல்லாம் வாரிக்கொண்டது. மூன்றாம் முறை நான்கு பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு பிசின். “இதுதாங்க பதம்,” என்றார் பெரியவர். எண்ணெயோ கொழுப்போ சேர்க்கும் முறைகளும் உண்டு. அவை குளிர்நாட்டுக்குச் சரி. நம் வெயிலில் எங்களுக்குத் தேவைப்படவில்லை. துணியில் வடிகட்டி பிஸ்கட் அச்சில் ஊற்றினோம். மஞ்சள் நட்சத்திரங்களாக வந்தன!

தேய்ப்பதிலும் பக்குவம் உண்டு. நாண் நெடுகிலும் கட்டியை இலேசாக இழுத்து, பின் தோல் துண்டால் பற்றி மேலும் கீழும் விரைந்து தேய்க்க வேண்டும். விரலில் சூடு தெரிந்தால் மெழுகு உள்ளே இறங்குகிறது என்று பொருள். நடுவே சுற்றியுள்ள காப்பு நூலில் பூச வேண்டியதில்லை. மிகுதியாகப் பூசினால் நாண் கனத்து அம்பின் வேகம் குறையும். அதற்குப் பெரியவரிடம் எளிய வழி இருந்தது. மெல்லிய நூலொன்றை நாணில் ஒரு சுற்றுச் சுற்றி நெடுக இழுத்தார். மிகுதியெல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

மாணவி ஐந்து வாரங்கள் திடலுக்கு வரவில்லை. நானும் அழைக்கவில்லை, அழைக்க எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் முறை காய்ச்சிய அன்று தாத்தாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தோல் துண்டைக் கையில் கொடுத்தார் அவர். சிறிது நேரம் தேய்த்தவள், “ஐயா, சுடுது!” என்றாள்.

இப்போது புதன்கிழமைதோறும் நாண்களைச் சோதிப்பது அவள் பணி. சென்ற வாரம் நான்காவது வில்லை என்னிடம் நீட்டி, “இது இன்னைக்கு வேணாம் ஐயா,” என்றாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் ஓரிழை பிரிந்திருப்பது தெரிந்தது. அந்த வில்லை நிலைப்பேழையில் வைத்துப் பூட்டினேன். அவள் இன்னும் அம்பைத் தொடவில்லை.