முருகன் ஒட்டினால் தகடு!

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குத் தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவனிடம் ரகசியம் தங்காது. ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். திருவள்ளூர் வருவதற்குள் வீட்டு விஷயம், ஆவடி வருவதற்குள் ஆபீஸ் விஷயம், பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிறுத்திப் போட்டால் மிச்சம் மீதியும் வெளியே வந்துவிடும். எங்க வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நான் மறுபடி ஓட வைக்கப் போகிற சேதியும் அப்படித்தான் வெளியே வந்தது.

"பழைய வண்டியா? இன்ஜின்தான் ஸார் முக்கியம்" என்றார் ஜன்னலோர பாங்க் காரர். "டயரைப் பாருங்க" என்றார் இன்னொருவர். (அவர் மச்சினன் எங்க ஊர் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையில் வேலை செய்கிறார்.) மூன்றாமவர் சீட்டுக்கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "வித்துடுங்க" என்றார்.

ஒருத்தர்கூட 'தகடு' என்று சொல்லவில்லை. இன்ஜின் என்பது போரிங் போட்டால், பிஸ்டன் ரிங் மாற்றினால், மறுபடி உறுமிவிடும். ஒயரிங்கை இரண்டு நாளில் புதுசாக இழுத்துவிடலாம். கதவுக்கு அடியில் துரு தின்று, கைவிரல் உள்ளே போய் வெளியே வருகிற வண்டியை என்ன செய்வீர்கள்? பழைய கார் மராமத்தில் பர்ஸைக் காலி செய்வதும், பொறுமையைக் காலி செய்வதும் தகடுதான். பெயிண்ட் அடித்து முடித்த பிறகு தப்பு தெரிந்தால் பெயிண்டும் போச்சு, பட்டியும் போச்சு, டிங்கருக்குக் கொடுத்த கூலியும் போச்சு.

வண்டி என் நைனாவுடையது. (ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்க ஊரில் பாதி வீட்டில் அப்பா, பாதி வீட்டில் நைனா.) ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர், 1983-ல் பி.எஃப். லோன் போட்டு ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய 1970 மாடல். வாங்கிய அன்றைக்கே திருத்தணி மலைமேல் ஓட்டிப்போய்ப் பூஜை போட்டார். இப்போது அவருக்கு எண்பது. முழங்கால் ஒத்துழைப்பதில்லை, 365 படியை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. "வர்ற ஆடிக் கிருத்திகை கூட்டத்துக்கு முன்னாடி ஒரு தபா அந்த வண்டியிலேயே மேல போய்ட்டு வரணும்டா" என்றார். ஆட்டோவில் கூட்டிப் போகிறேன் என்றேன். அவர் பதில் சொல்லாமல் கொட்டகைப் பக்கம் பார்த்தார். கெடு வைத்தாயிற்று.

ஹெரால்டைத் தெரியாத இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் வெளியிட்ட கார் இது. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. 1961-லிருந்து நம்ம சென்னையில், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்தது. அம்பாசடர் கல்கத்தா, ஃபியட் பம்பாய் என்றிருந்த காலத்தில் இது மதராஸ் கார். பானட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாக முதலை வாய் மாதிரி எழுந்து நிற்கும். சின்ன வயசில் தெருப்பையன்களிடம் அதைத் திறந்து காட்டக் கூலியாக நான் கமர்கட் வாங்கியிருக்கிறேன்.

தகடு விஷயத்தில் இந்தக் கார் ஒரு வரப்பிரசாதம். அதற்குப் பின்னால் ஒரு வியாபாரத் தகராறு இருக்கிறது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. 'உங்க புதுக் காருக்கெல்லாம் பாடி செய்ய முடியாது' என்று கையை விரித்துவிட்டார்கள். முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. சரி, கீழே தனியாக ஒரு சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த பாடியை போல்ட் போட்டு முறுக்கிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு நேர்ந்த சங்கடம் இன்றைக்கு எனக்கு சகாயம். அம்பாசடரிலும் பத்மினியிலும் தனி சேசிஸ் கிடையாது, தகடே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பட்டையைத் துரு தின்றுவிட்டது என்று முட்டுக் கொடுக்காமல் வெட்டினால், வண்டி நடுவில் தொய்ந்துவிடும். ஹெரால்டில் அந்தப் பட்டை சுமை தாங்குவதில்லை, ஏறக்குறைய வெறும் மூடிதான். கழற்றலாம், வளைத்துப் புதுசு செய்யலாம், மாட்டலாம்.

எங்க வண்டியில் அந்தப் பட்டைகள் இரண்டும் போய்விட்டன. டிக்கி மூடி ஓரம் போய்விட்டது. இடது பின்கதவின் கீழ் நாலு அங்குலம் இருந்த இடத்தில் காற்று இருந்தது.

இங்கிலாந்தில் ஹெரால்டு பிரியர்களுக்கென்று சங்கமே இருக்கிறது. ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்று பெயர், 1977-லிருந்து இருக்கிறது. அங்கே இந்தக் காருக்குப் புதுத் தகடு அடித்து இன்றைக்கும் விற்கிறார்கள். ஆபீஸில் ஒரு நண்பர், "கப்பலில் வரவழைச்சுடுங்க, டியூட்டி கட்டிக்கலாம்" என்றார், நான் ஏதோ ஜமீன்தார் மாதிரி. ஆனால் டியூட்டி கட்டினாலும் காரியம் நடக்காது. அங்கே விற்ற ஹெரால்டுகளுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். நாலு கதவு மார்க்-3 இந்தியாவில் மட்டும் வந்த மாடல். குடும்பத்தோடு மாமியாரும் ஏற வேண்டிய தேசமல்லவா! பின்கதவு அங்கே பிறக்கவே இல்லை; முன்கதவோ அங்கே நீளம், இங்கே குட்டை. மதராஸில் பிறந்த கதவுக்கு மதராஸில்தான் தேட வேண்டும்.

ஆக, புதுப்பேட்டை. எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தையொட்டி, கழற்றிய கார்களின் கைகால்களெல்லாம் தொங்குகிற அந்தத் தெருக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, நைனாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் சட்டைப் பையில் இரண்டு ஆயுதங்கள். ஒன்று, ரிட்டையர் ஆகிற வரை உபயோகித்த மைக்ரோமீட்டர். இரண்டாவது, திருத்தணி அடிவாரக் கடையில் வாங்கிய, ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற முருகன் படம் போட்ட காந்தம்.

"இன்னாத்துக்கு நைனா இது?"

"முருகன் ஒட்னா தகடு. ஒட்லைனா பட்டி."

இந்தப் பரீட்சை தெரியாமல் யாரும் பழைய கதவு வாங்கக் கூடாது. ஓட்டையை அடைத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்த கதவு கண்ணாடி மாதிரி மின்னும். காந்தத்தை ஒரு காகிதத்தின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனால், தகடு இருக்கிற இடத்தில் இழுக்கும்; பட்டி கனமாக இருக்கிற இடத்தில் பிடி விட்டு வழுக்கும். கீழ் ஓரம், கைப்பிடியைச் சுற்றி, சக்கர வளைவு, இந்த இடங்களில் பொறுமையாக நகர்த்த வேண்டும். ஃபைபரில் செய்த பானட்டாக இருந்தால் முருகன் எங்கேயும் நிற்க மாட்டார். முதல் கடையில் ஒரு கதவில் மூன்று இடத்தில் சறுக்கி விழுந்தார். கடைக்காரர், "சாமி படத்தக் கீழ போடாதீங்க ஸார்" என்று கோபித்துக்கொண்டார்.

இன்னொரு கடையில்தான் சோதனை முற்றியது. ஹெரால்டு பின்கதவு ஒன்றல்ல, இரண்டு! ஒன்று யாரோ புதுசாகத் தகடு அடித்துச் செய்தது. கறுப்பு ப்ரைமரில் பளபளவென்று இருந்தது. "சோக்கா கீது பார் ஸார், அப்படியே மாட்டிக்கலாம், எட்டாயிரம்" என்றார். மற்றது மூலையில், தலையிலிருந்து கால்வரை செம்மண் நிறத்தில், யாரோ வேண்டாமென்று விட்டுப்போன மாதிரி சாய்ந்திருந்தது.

நான் கறுப்புக் கதவைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தேன். நைனா அதன் நடுவில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். 'டொக்' என்று உள்ளே போய், விட்டதும் 'டொக்' என்று வெளியே வந்தது, பிஸ்கட் டின் மூடி மாதிரி. ஓரத்தை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்து, "இருபத்திரெண்டு" என்றார். கடைக்காரர் சிரித்தார். நைனா கத்தி நுனியால் ஓரத்து ப்ரைமரைச் சுரண்டிவிட்டு (கடைக்காரர் சிரிப்பதை நிறுத்தினார்) மைக்ரோமீட்டரை வைத்தார். 0.71 மில்லி மீட்டர். 22 கேஜ் என்றால் அதுதான். கேஜ் நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும். துருக் கதவில் ஒரு இடத்தைத் தேய்த்து வைத்துப் பார்த்தார்: 0.9 சொச்சம். 20 கேஜ். ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால் நாலு தடவை ஓங்கிச் சாத்தினால் எந்தக் கதவு பேசும், எந்தக் கதவு அழும் என்பது அதில்தான் இருக்கிறது.

கனம் மட்டும் போதாது. கதவின் குறுக்கே ஓடும் மடிப்புக் கோட்டைப் பாருங்கள் என்று எனக்குக் காட்டினார். பெரிய பிரஸ்ஸில் அடித்த அசல் கதவில் அந்தக் கோடு நகம் பதிகிற மாதிரி கூர்மையாக இருக்கும். கையால் தட்டிச் செய்ததில் இட்லி ஓரம் மாதிரி மழுங்கியிருக்கும். முன்கதவில் கூர்மையாக வந்த கோடு பின்கதவில் மழுங்கினால், எதிர்வீட்டுக்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும். குரோம் பட்டை மாட்டும் துளைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா, கீல் உட்காரும் இடம் தட்டையாக இருக்கிறதா, தண்ணீர் வடியும் அடித்துளை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார். கறுப்புக் கதவில் அந்த வடிதுளையே இல்லை. மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கி அங்கேயே குடியிருக்கும். மூன்று மழைக்காலத்தில் மறுபடி புதுப்பேட்டை.

பிறகு துருக் கதவைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்த்தார். வெல்டிங் சூட்டில் நீலம் பாய்ந்த தடம் இல்லை, சுத்தியல் தடம் இல்லை; அதாவது அடிபட்ட வண்டியுடையது அல்ல. "இந்த வண்டி எந்த ஊர்?" என்று கேட்டார். தர்மபுரிப் பக்கமாம். முகம் மலர்ந்தது. கடற்கரை வண்டி உள்ளுக்குள் அரிக்கும். வறண்ட ஊர் வண்டி மேலுக்குத்தான் சிவக்கும். ஆறாயிரத்தில் ஆரம்பித்து நாலாயிரத்துக்கு முடிந்தது. மின்சார ரயிலின் வெண்டார் பெட்டியில், காலி பால் கேன்களுக்கு நடுவில், நைனா அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அரக்கோணம் வரை நின்றுகொண்டே வந்தார். உட்காரச் சொன்னால், "சாய்ஞ்சா நெளிஞ்சிடும்டா" என்றார். முழங்கால் ஞாபகம் அவருக்கே இல்லை.

சோளிங்கர் ரோட்டில் எங்க டிங்கர் பாய், கதவைப் பார்த்து "மால் அசல் தம்பி" என்றார். உடனே பெயிண்ட் வரை போய்விடலாம் என்று நான் நினைத்தேன். நைனா விடவில்லை. ஹெரால்டின் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி சில தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாடி அதன்மேல் உட்காருகிறது. அந்தக் கை அரித்துத் தாழ்ந்துவிட்டால், எவ்வளவு நல்ல கதவும் மூடாது. நாம் கதவைத் திட்டுவோம். ஆகவே முதலில் சேசிஸ். மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தார்கள். ஒரு தாங்கிக்கு வைத்தியம் நடந்தது. பட்டைகளை பாய் 20 கேஜ் சி.ஆர். தகட்டில் தானே வளைத்தார். கடையில் கிடைக்கிற ஜி.ஐ. தகடு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வெல்டிங் வைத்தால் அதன் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பி நெஞ்சைப் பிடிக்கும், ஒட்டும் சுத்தமாக வராது.

அப்புறம் எல்லாக் கதவையும் பெயிண்ட் இல்லாமலே மாட்டி, மூடி, திறந்து, இரண்டு வாரம். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைக்கும் வாஷர் தகடு ஒன்றைக் கூட்டினால் பின்கதவு இடுக்கு சரியாகும், முன்கதவு உரசும். ஒன்றைக் குறைத்தால் தலைகீழ். ஹேக்ஸா பிளேடு கதவைச் சுற்றி ஒரே சீராக ஓடுகிற வரை நைனா விடவில்லை.

நடுவில் ஒரு சட்டப் பிரச்னை. 50 வருஷத்துக்கு மேல் ஆன வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு என்று மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, இன்ஜின் உருமாறாமல் இருக்க வேண்டும். அசல் கதவு வாங்கியது இதற்கும் நல்லதாயிற்று என்று நைனாவிடம் பெருமையாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அதுல தினம் ஓட்டலாமா?" என்றார். முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான். "அப்ப மலைக்கு?" அது எதில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற சாதாரண ஆர்.சி.யே போதும் என்று தீர்ப்பாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை, பெயிண்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், பாய் அந்தப் பின்கதவைச் சாத்திக் காட்டினார். 'தொம்' என்று ஒரே சத்தம். நைனா, "இன்னொரு தபா" என்றார். பாய் சாத்தினார். "இன்னொரு தபா." ஏழெட்டு தடவை ஆனதும் பாய் சிரித்துக்கொண்டே, "அய்யா, கீல் தேயுது" என்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. டிக்கி மூடி மட்டும்தான் பாக்கி. இந்தச் சனிக்கிழமை மறுபடி புதுப்பேட்டை. நைனா இப்போதே முருகனை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார்.